வேலை போனத மறைக்காதீங்க, வாய விட்டு நாலு பேருகிட்ட சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பெங்களூரு ஸ்ரீராமபுரத்துல இருந்து எழுதுறேன். எங்க அப்பா காலத்துல இருந்தே வீட்டுல நம்ம பேப்பர்தான், ஆனா ஆசிரியருக்குன்னு கடிதம் எழுதுறது இதுதான் முதல் தடவ, எழுத்துல பிழை இருந்தா திருத்திப் போட்டுக்கோங்க. போன ஞாயித்துக்கிழமை வாசகர் கடிதத்துல கே.ஆர்.புரத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தாரு, மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சு நாலு வருஷம் வேலை பாத்து, ஆள் கொறச்சப்ப வேலை போயி எட்டு மாசமா வீட்டுல இருக்கேன், ஆன்லைன்ல முன்னூறு இடத்துக்கு மேல ரெஸ்யூம் போட்டாச்சு ஒருத்தரும் பதில் போடல, சிபாரிசு இருக்கிறவனுக்குத்தான் இந்த ஊருல வேலைன்னு முடிச்சிருந்தாரு. அத படிச்சதுல இருந்து மனசு கேக்கல. அவர் சொன்னதுல பாதி உண்மை, மீதி பாதி உண்மை இல்ல, அந்த மீதி பாதிய நம்பிட்டுத்தான் நானும் ஒம்போது வாரம் வீட்டுக்குள்ளயே கெடந்தேன். அதனால எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன்.

என் வயசு 44. பீன்யா தொழிற்பேட்டை ரெண்டாவது ஸ்டேஜ்ல ஒரு மெஷினிங் கம்பெனியில 16 வருஷம் ஸ்டோர்ஸ் பாத்தேன். வண்டி பார்ட்ஸ் செய்யிற இடம், ஒரு அறுபது பேர் இருந்தோம். ஸ்டோர்ஸ்னா சாமான எடுத்து வைக்கிற வேலைன்னு வெளியில நெனைப்பாங்க, அப்படி இல்ல, கேட்டுக்குள்ள வர்ற ஒவ்வொரு ராடுக்கும் நாந்தான் ஜிஆர்என் (சரக்கு வந்ததுக்கான ரசீது) போடணும், முலாம் பூசுற பிளேட்டிங்குக்கும் சூடு பண்ணி கெட்டியாக்குற ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் போற பீஸ எண்ணி டிசி (டெலிவரி சலான்) போட்டு அனுப்பணும், அனுப்புனது அத்தனையும் திரும்பி வந்துச்சான்னு கணக்கு வெச்சிருக்கணும், இன்செர்ட், அதான் மெஷின்ல இரும்ப வெட்டுற முனை, தீர்ந்து போயி மெஷின் நின்னா என்னைத்தான் கேப்பாங்க. 2024 செப்டம்பர்ல கம்பெனிய துமகூரு பக்கம் வசந்தநரசாபுராவுக்கு மாத்திட்டாங்க, பீன்யாவுல ஷெட் வாடகை கட்டுப்படி ஆகலன்னு சொன்னாங்க, அது பொய்யும் இல்ல. வர்றவங்க வரலாம், வராதவங்களுக்கு கணக்கு முடிச்சுக் குடுத்துடுறோம்னாங்க. ஸ்ரீராமபுரத்துல இருந்து அங்க போயி வர ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் ஆகும், வீட்டுல மாமியாருக்கு ரெண்டு வேளை இன்சுலின் நாந்தான் போடணும், என்னால எப்படி முடியும். என்ன மாதிரி பதினோரு பேர் நின்னுட்டோம், அதுல ஒம்போது பேர் பொம்பளைங்க.

கணக்கு முடிச்சாங்க, கிராஜுவிட்டி வந்துச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. (இத படிக்கிறவங்கள்ல யாருக்காவது தெரியலன்னா சொல்றேன், அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பாத்திருந்தா கிராஜுவிட்டி உங்க உரிமை, எங்களுக்கு 2024-ல போட்ட கணக்கு, கடைசி மாச பேசிக்கும் அகவிலைப்படியும் சேத்து 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கி எத்தனை வருஷமோ அத்தனையால பெருக்குனா வர்ற தொகை, 30 நாளுக்குள்ள குடுக்கணும், கேக்காம விட்டுடாதீங்க.)

அதுக்கப்புறம் நான் செஞ்சதுதான் தப்பு. வீட்டுக்காரருகிட்டயும் பொண்ணுகிட்டயும் மட்டும் சொன்னேன். தெருவுல கேட்டவங்ககிட்ட உடம்பு சரியில்ல லீவுல இருக்கேன்னேன். என் தங்கச்சிகிட்ட கூட சொல்லல, அவ வீட்டுக்காரர் வீட்டுல என்ன நினைப்பாங்களோன்னு. சீட்டுக்கு பணம் கட்டப் போற எடத்துல, ரேஷன் கடையில, எங்க போனாலும் யாராவது கேட்டுடுவாங்களோன்னு தலைய குனிஞ்சுக்கிட்டே போயிட்டு வருவேன். 16 வருஷம் காலையில எட்டு மணிக்கு வேலைக்குக் கெளம்புனவ, அந்த நேரத்துல வாசல்ல நிக்கவே கூச்சமா இருந்துச்சு. வேலை போனது நம்ம குத்தம் இல்லன்னு புத்திக்குத் தெரியுது, ஆனா மனசு அத குத்தமாத்தான் எடுத்துக்குது. இத அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குள்ள உக்காந்து பொண்ணோட ஃபோன்ல வேலைக்கு போட்டுக்கிட்டே இருந்தேன். ஸ்டோர் இன்சார்ஜ், ஸ்டோர் எக்ஸிகியூட்டிவ், டிஸ்பாட்ச் அசிஸ்டென்ட்னு எதக் கண்டாலும் தட்டிவிடுறது, நூறுக்கு மேல போயிருக்கும். மூணே மூணு ஃபோன் வந்துச்சு. ஒண்ணு இன்ஷூரன்ஸ் விக்கிற வேலை. ஒண்ணு டிகிரி கேட்டாங்க, நான் பி.யு.சி., அதாவது பிளஸ் டூதான். இன்னொண்ணு வொயிட்ஃபீல்டுல பெரிய குடோன்ல வேலை ரெடியா இருக்கு, 2,500 ரூபா ரெஜிஸ்ட்ரேஷன் கட்டுனா நாளைக்கே ஆஃபர் லெட்டர் வரும்னான், நான் பணத்த அனுப்பக் கூட போனேன், எம் பொண்ணுதான் ஃபோன புடுங்கிட்டா. வேலை குடுக்குறவன் நம்மகிட்ட காசு கேக்க மாட்டான், கேட்டா அது வேலையே இல்ல, இத எல்லா அம்மா அப்பாவும் பிள்ளைங்களுக்குச் சொல்லி வைங்க.

நவம்பர் நடுவுல ஒரு நாள் வெங்காயம் வாங்க யஷ்வந்த்பூர் மார்க்கெட் போயிருந்தேன். அங்க டாட்டா ஏஸ் ஓட்டுற ஒரு அண்ணன் பாத்துட்டாரு, எங்க கம்பெனி சரக்க பிளேட்டிங்குக்கு ஏத்திட்டுப் போறவரு, பத்து வருஷப் பழக்கம், ஆனா பழக்கம்னா என்ன, டிசியில கையெழுத்து வாங்குறது, மழை வந்தா வண்டிக்கு தார்பாய் போட்டுக்கோங்கண்ணன்னு சொல்றது, அவ்வளவுதான், அவர் வீடு எங்கன்னு கூட எனக்குத் தெரியாது. என்னம்மா துமகூருக்கு போகலயான்னு கேட்டாரு. அவருகிட்ட மறைக்க முடியல, கம்பெனி போனது அவருக்குத் தெரியுமே. இல்லண்ணா வீட்டுலதான் இருக்கேன்னேன். அவரு அப்படியே நின்னுட்டாரு. "ஏம்மா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, போன மாசம்தான் லக்கெரே ரோட்டுல ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ்க்கு ஆள் கெடைக்காம அலைஞ்சாங்க, அந்த சூப்பர்வைசர் என்னையே கேட்டாரு யாராவது தெரிஞ்சா சொல்லுன்னு, நீங்க துமகூருல இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்" அப்படின்னாரு.

அந்த வேலைக்கு வேற ஆள் எடுத்தாச்சு. நான் வெங்காயம் வாங்காமயே பஸ் ஏறிட்டேன். அந்தக் கம்பெனி எந்த ஆன்லைன்லயும் விளம்பரம் போடல, பீன்யாவுல பாதி கம்பெனி அப்படித்தான், இருபது பேர் முப்பது பேர் வேலை பாக்குற எடத்துல எச்.ஆர்.னு தனியா யாரு இருக்கா, ஓனரு சூப்பர்வைசர கேப்பாரு, சூப்பர்வைசர் வர்ற போறவங்கள கேப்பாரு, அத்தோட முடிஞ்சுது. நான் வீட்டுக்குள்ள ஃபோன தேச்சுக்கிட்டு இருந்தப்ப வேலை டாட்டா ஏஸ்ல ஏறி போயிட்டு வந்துக்கிட்டு இருந்திருக்கு.

அன்னைக்கு ராத்திரி பொண்ணுகிட்ட சொல்லி அழுதேன். அவ மல்லேஸ்வரத்துல பி.காம். படிக்கிறா. அவதான் சொன்னா, அம்மா இத எங்க கிளாஸ்ல நடத்துனாங்க, அமெரிக்காவுல மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியல் அறிஞர், பாஸ்டன் பக்கத்துல ஒரு ஊருல அப்பத்தான் வேலை மாறுனவங்கள கேட்டு 1973-ல ஒரு கட்டுரை எழுதுனாரு, தெரிஞ்சவங்க மூலமா வேலை கெடச்சவங்கள்ல நூத்துக்கு 17 பேர் மாதிரிதான் அடிக்கடி பாக்குற ஆளு மூலமா கெடச்சவங்க, பாதிக்கு மேல எப்பவாச்சும் பாக்குறவங்க மூலமா, 28 பேர் மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவ பாத்தாலே அதிகம்ங்கிற மாதிரி ஆளுங்க மூலமா அப்படின்னா. எனக்கு மொதல்ல நம்பிக்கை வரல, அமெரிக்காவுல நடந்தது நமக்கு எப்படி ஆகும்னு. ஆனா யோசிச்சுப் பாத்தா சரியாத்தான் இருக்கு. என் அண்ணன், தங்கச்சி, எதிர் வீட்டு அக்கா, இவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதுதான் தெரியும், ஒரே தெரு, ஒரே கல்யாண வீடு, ஒரே சேதி. பாசம் நெறைய இருக்கு, அதுக்காக எங்க ஆள் எடுக்குறாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும். டாட்டா ஏஸ் அண்ணன் ஒரு நாளைக்கு எட்டு கம்பெனி கேட்டுக்குள்ள போயிட்டு வர்றவரு.

அப்பதான் ஒரு பழைய நோட்ட எடுத்து உக்காந்தோம். 16 வருஷத்துல என் கவுன்ட்டருக்கு வந்து நின்னவங்க யாரு யாருன்னு ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்தி எழுதுனேன். இன்செர்ட் விக்க வர்ற சேல்ஸ் பையன், வெர்னியர் மைக்ரோமீட்டர் மாதிரி அளவு எடுக்குற கருவியெல்லாம் சரிபாக்க (காலிபரேஷன்) எடுத்துட்டுப் போறவரு, பிளேட்டிங் யூனிட் சூப்பர்வைசர், ஹீட் ட்ரீட்மென்ட் ஆபீஸ்ல பில் போடுற அம்மா, ஸ்கிராப் எடுக்குறவரு, ஆயில் டிரம் கொண்டு வர்றவரு, லாரிக்கு எடை போடுற வே பிரிட்ஜ் தாத்தா, வருஷா வருஷம் ஸ்டாக் எடுக்க வர்ற ஆடிட்டர் ஆபீஸ் பசங்க, எங்க கம்பெனிய விட்டு அஞ்சு வருஷம் முன்னாடியே போன பழைய செட்டர் ஆபரேட்டருங்க. 63 பேர் வந்துச்சு. எனக்கு யாரையும் தெரியாதுன்னுதான் நான் ஒம்போது வாரமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

முதல் ஃபோன் போட முன்னாடி கை நடுங்குச்சு, உண்மையச் சொல்றேன். மொத ரெண்டு மூணு பேருகிட்ட தப்பா பேசிட்டேன், "சார் எனக்கு ஒரு வேலை வாங்கிக் குடுங்க"ன்னுட்டேன். அப்படிக் கேட்டா எதுத்தாப்ல இருக்கிறவரு பயந்துடுறாரு, அவருகிட்ட வேலை இல்ல, இல்லன்னு சொல்ல சங்கடம், சரிம்மா பாக்குறேன்னு வெச்சுடுறாரு. அப்புறம் பொண்ணு சொல்லிக் குடுத்தா, வேலை கேக்காத, சேதி கேளுன்னு. அதுல இருந்து இப்படித்தான் பேசுனேன்: "சார் நான் அந்தக் கம்பெனி ஸ்டோர்ஸ்ல இருந்தேன்ல, கம்பெனி துமகூரு போயிடுச்சு, நான் போகல, 16 வருஷம் ஸ்டோர்ஸ் டிஸ்பாட்ச் தெரியும், டேலி கணக்கு தெரியும், இ-வே பில் (சரக்கு வண்டியோட போற ஜிஎஸ்டி சீட்டு) போடுவேன், பீன்யா ராஜாஜிநகர் தாசரஹள்ளி சுத்துல ஸ்டோர்ஸ்க்கு ஆள் தேடுறவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா, இல்லன்னா யார கேக்கலாம்னு மட்டும் சொல்லுங்க சார்." இதுக்கு பதில் சொல்றது யாருக்கும் கஷ்டம் இல்ல. தெரியலன்னா கூட அவங்கள கேட்டுப் பாருங்கன்னு இன்னொரு பேரு குடுப்பாங்க. தமிழ் தெரிஞ்சவங்ககிட்ட தமிழ்ல, மத்தவங்ககிட்ட கன்னடத்துல, என் கன்னடம் மில்லு காலனி கன்னடம், ஆனா பீன்யாவுல அது போதும், இந்த ஊருல வேலை பாக்க கன்னடம் பேசக் கத்துக்காம இருக்கிற நம்ம பிள்ளைங்க தயவு செஞ்சு கத்துக்கோங்க, பாதி கதவு அதுலதான் தெறக்குது.

63 பேர்ல இருபது பேர் எடுக்கவே இல்ல. ஒருத்தரு நம்பர் வேற யாரோ வெச்சிருந்தாங்க. ஒருத்தரு, பேரு வேண்டாம், எந்நேரமும் என்னை மேடம் மேடம்னு கூப்பிட்டவரு, குரல் தெரிஞ்சதும் கட் பண்ணாரு, அது ரொம்ப வலிச்சுது, பர்ச்சேஸ் ஆர்டர் இருந்த வரைக்கும்தான் அந்த மரியாதன்னு அன்னைக்குப் புரிஞ்சுது. ஆனா எதிர்பார்க்காதவங்க எல்லாம் நின்னாங்க. வே பிரிட்ஜ் தாத்தா ஃபோன் வெச்சுட்டு மறுநாள் அவரே கூப்பிட்டு ரெண்டு கம்பெனி பேரு சொன்னாரு. இன்செர்ட் விக்கிற பையன், இப்ப ஏரியா மேனேஜர் ஆயிட்டான், "அக்கா ஜனவரி கடைசியில பிஐஇசியில இம்டெக்ஸ் இருக்கு, எங்க ஸ்டாலுக்கு வாங்க, எங்க கஸ்டமர் எல்லாம் வருவாங்க"ன்னான்.

இம்டெக்ஸ் பத்தி அந்த டிப்ளமோ தம்பிக்காக கொஞ்சம் விரிவா சொல்றேன். மெஷின் டூல் செய்யிறவங்க சங்கம் நடத்துற கண்காட்சி அது, துமகூரு ரோட்டுல பிஐஇசிங்கிற கண்காட்சி மையத்துல ஒரு வருஷம் மெட்டல் கட்டிங், மறு வருஷம் ஃபார்மிங்னு மாத்தி மாத்தி ஜனவரியில நடக்கும். முன்னாடி அங்க போறதே பெரிய பாடு, 2024 நவம்பர்ல நாகசந்திராவுல இருந்து மாதாவரா வரைக்கும் மெட்ரோ தெறந்தாங்கல்ல, இப்ப ஸ்ரீராமபுரத்துல ஏறுனா நேரா அங்கயே எறங்கலாம். நான் 2025 ஜனவரியில போனேன், வாழ்க்கையில முதல் தடவ. 16 வருஷமா அந்த மெஷினுக்கெல்லாம் ஸ்பேர் எடுத்துக் குடுத்திருக்கேன், ஒரு மெஷின் புதுசா பளபளன்னு ஓடி நான் பாத்ததே இல்ல. கையில ஒரே பக்க ரெஸ்யூம் இருபது காப்பி. பெரிய பெரிய ஸ்டால்ல எல்லாம் எனக்கு வேலை இல்ல, ஆனா அங்க மெஷின் பாக்க வர்றவங்க யாரு, பீன்யா, பொம்மசந்திரா, ஓசூர் பக்கத்து சின்ன கம்பெனி ஓனருங்க, சூப்பர்வைசருங்க, எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ, அதுவும் ஆபீஸ்ல இருக்கிற அவசரம் இல்லாம டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. தம்பி, நீங்க மெக்கானிக்கல், உங்களுக்கு அந்த எடத்துல என்ன விட நூறு மடங்கு பேச விஷயம் இருக்கும், ஒரு மெஷின் முன்னாடி நின்னு சைக்கிள் டைம் என்னன்னு கேட்டாலே பேச்சு ஆரம்பிச்சுடும். உங்க பழைய கம்பெனிக்கு டூல் சப்ளை பண்ண ஆளு, மெஷின் சர்வீஸ் பண்ண வந்த இன்ஜினியர், காலேஜ்ல உங்களுக்கு ரெண்டு வருஷம் சீனியர், இவங்களுக்கு எல்லாம் ஃபோன் போட்டீங்களா? முன்னூறு ரெஸ்யூம்ல ஒண்ணாவது உங்க முகம் தெரிஞ்ச ஆளுக்குப் போச்சா? கோபத்துல கேக்கல தம்பி, ஒரு அக்காவா கேக்குறேன்.

இப்ப சிபாரிசு விஷயத்துக்கு வர்றேன். எனக்கு வேலை கெடச்சது பிளேட்டிங் யூனிட் சூப்பர்வைசர் மூலமாதான். அவரோட இன்னொரு கஸ்டமர், ராஜாஜிநகர் இண்டஸ்ட்ரியல் டவுன்ல ஒரு கம்பெனி, அங்க ஸ்டோர்ஸ் பாத்தவரு ரிடையர் ஆகுறாரு. சூப்பர்வைசர் அந்த ஓனர்கிட்ட என்ன சொன்னாருன்னு பின்னாடி எனக்குத் தெரிஞ்சுது. ஒரு தடவ அவங்க யூனிட்ல இருந்து எங்களுக்கு வந்த லாட்டுல 340 பீஸ் கூட வந்துடுச்சு, வேற கம்பெனி பீஸ் கலந்து வந்தது, நான் எண்ணிப் பாத்து அன்னைக்கே ஃபோன் போட்டு திருப்பி அனுப்புனேன். நான் அத அன்னைக்கே மறந்தாச்சு. அவரு மறக்கல. "அந்தம்மா எண்ணுனா எண்ணுனதுதான்"னு ஓனர்கிட்ட சொல்லியிருக்காரு. இது சிபாரிசா? என் ஜாதி பாத்தோ ஊர் பாத்தோ, இல்ல கை நீட்டி காசு வாங்கிட்டோ அவரு சொல்லல, நான் செஞ்ச வேலைய கண்ணால பாத்தவரு, பாத்தத சொன்னாரு. தகுதி இல்லாதவன தள்ளி விடுறதுக்குப் பேருதான் சிபாரிசு, அத நானும் வெறுக்குறேன். வேலை தெரிஞ்சவங்கள வேலை தெரிஞ்சவங்க சொல்றது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்கிட்டு, நான் யாரு கால்லயும் விழ மாட்டேன்னு நாம வீட்டுல உக்காந்துடுறோம்.

அவரு சொன்னதால உடனே வேலை குடுத்துடவும் இல்ல, அதையும் சொல்லணும். அவரு சொன்னதால உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாங்க, அவ்வளவுதான். ஓனரு ஒண்ணே முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டாரு. ஜாப் வொர்க்குக்கு, அதான் வெளியில வேற கம்பெனியில வேலை செஞ்சு வாங்க, அனுப்புன மெட்டீரியல் எத்தனை நாளுக்குள்ள திரும்பணும்னாரு, மெட்டீரியல்னா ஒரு வருஷம், மெஷின் மாதிரி கேபிடல் ஐட்டம்னா மூணு வருஷம், டை, ஜிக், ஃபிக்சருக்கு அந்தக் கணக்கு இல்லன்னேன். ஓசூருக்கு வெறும் 12,000 ரூபா சரக்கு ஜாப் வொர்க்குக்கு போகுது, 50,000-க்கு கீழதானே, இ-வே பில் வேணுமான்னு கேட்டாரு. வேணும் சார், ஓசூரு தமிழ்நாடு, வேற ஸ்டேட்டுக்கு ஜாப் வொர்க்குக்கு அனுப்புனா எவ்வளவு ரூபான்னு கணக்கே இல்ல, இ-வே பில் போட்டே ஆகணும்னேன். அவரு சிரிச்சாரு, போன மாசம்தான் அதுக்காக வண்டி அத்திப்பள்ளியில நின்னுச்சாம். 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி சேந்தேன். சம்பளம் பழைய எடத்த விட 2,000 கம்மி, ஆனா ஸ்ரீராமபுரத்துல இருந்து கூப்பிடு தூரம், மத்தியானம் அவசரம்னா வீட்டுக்கு வந்துட்டுப் போகலாம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துது. பீன்யாவுல இந்தச் சேதியெல்லாம் எங்க ஓடுது? டீக்கடையில, பீடா கடையில, சாயங்காலம் பாருல. அங்க பொம்பளைங்க நிக்க முடியாது. ஆம்பளைங்களுக்கு ஒரு சிகரெட் பிடிக்கிற நேரத்துல தெரியிற விஷயம் எங்களுக்கு ரெண்டு மாசம் கழிச்சுத் தெரியுது. நான் ஃபோன் போட்ட 63 பேர்ல பொம்பளைங்க எட்டு பேருதான். ரெண்டு பேருகிட்ட ஃபோன் பேசுனதுக்கப்புறம் ராத்திரி பத்து மணிக்கு தேவையில்லாம மெசேஜ் வர ஆரம்பிச்சுது, பிளாக் பண்ணிட்டேன். இப்படி ஆகும்னுதான் எத்தனையோ பொண்ணுங்க கேக்கவே மாட்டேங்குறாங்க. நான் என்ன செஞ்சேன்னா, பகல்ல மட்டும்தான் பேசுனேன், நேர்ல பாக்கணும்னா ஆபீஸ்லதான், வீட்டுக்காரரோ பொண்ணோ கூட வருவாங்க, கண்காட்சிக்கும் பொண்ணதான் கூட்டிட்டுப் போனேன். பொம்பளைங்களுக்குன்னு ஒரு வழி நாமளே போட்டுக்கணும். வேலை போன நாங்க பதினோரு பேரும் இப்ப ஒரு வாட்ஸ்அப் குரூப் வெச்சிருக்கோம், அவங்கவங்க சேந்த கம்பெனியில ஆள் எடுத்தா உடனே போட்டுடணும், வேற எந்த குட் மார்னிங்கும் வரக் கூடாது. இதுவரைக்கும் நாலு பேருக்கு அதுலயே வேலை ஆயிருக்கு.

எங்க அப்பா பின்னி மில்லுக்கு வந்தது எப்படின்னு சின்ன வயசுல சொல்லுவாரு. ஆம்பூர் பக்கம் ஒரு கிராமம், மழை இல்ல, பெரியப்பா முறை ஒருத்தரு மில்லுல இருந்தாரு, அவரு கையப் புடிச்சு கேட்டுக்கு கூட்டிட்டு வந்து மேஸ்திரிகிட்ட நிறுத்துனாரு. ஸ்ரீராமபுரத்துல பாதி குடும்பத்துக்கு இதுதான் கதை. அது பெரிய உதவி, நான் இன்னைக்கு இங்க இருக்கிறதே அதனாலதான். ஆனா அப்ப கேட்டுக்கு உள்ள யாரும் இல்லாதவன் கதி என்ன ஆச்சுன்னு அப்பா சொன்னதே இல்ல. நம்ம ஊருக்காரன், நம்ம ஆளுன்னு மட்டும் சேதி சொல்லிக்கிட்டு இருந்தா சேதி ஒரே தெருவுக்குள்ள சுத்தும், வெளியில இருக்கிறவங்க வெளியிலயே நிப்பாங்க. அதனால வேலையில இருக்கிறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க கம்பெனியில ஆள் வேணும்னா வீட்டு ஆளுங்ககிட்ட மட்டும் சொல்லாதீங்க, கேன்டீன் அம்மா, செக்யூரிட்டி, வண்டி ஓட்டுறவருன்னு எல்லாருகிட்டயும் சொல்லி விடுங்க. யாராவது ஃபோன் போட்டு கேட்டா எடுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, இல்லன்னு கேக்குறது கஷ்டம் இல்ல, எடுக்காம விடுறதுதான் கஷ்டம்.

அதோட இன்னொரு சேதி, இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) இருக்கிறவங்களுக்கு. எங்களுக்கு வேலை போன 2024-ல, 21,000-க்குள்ள சம்பளம் வாங்கி ரெண்டு வருஷமாவது இஎஸ்ஐ கட்டியிருந்து வேலை போனவங்க, 2018-ல கொண்டு வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவுல சராசரி சம்பளத்துல பாதிய 90 நாள் வரைக்கும் வாங்கலாம்னு இருந்துச்சு, வாழ்க்கையில ஒரு தடவ. எனக்கு சம்பளம் அதுக்கு மேல, எனக்கு கெடையாது, ஆனா எங்க கூட இருந்த பேக்கிங் பொண்ணுங்களுக்கு கெடச்சிருக்கலாம், அப்ப யாருக்கும் தெரியவே இல்ல. கண்டிஷன் இருக்கு, அப்பப்ப மாத்துவாங்க, உங்க இஎஸ்ஐ கிளை ஆபீஸ்ல நேர்ல போயி கேளுங்க.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வாரத்துல ஒரு நாள் பெங்களூரு பக்கத்துல ஒரு சின்ன பெட்டி போடுங்க, ஃபிட்டர், டர்னர், ஸ்டோர்ஸ், பேக்கிங், டெய்லர்னு சின்ன கம்பெனிங்க ஆள் தேடுறத காசு வாங்காம போடுங்க. சின்ன கம்பெனி ஓனருங்க நெறைய பேர் காலையில டீயோட நம்ம பேப்பர்தான் படிக்கிறாங்க, எனக்குத் தெரியும்.

அந்தப் பெட்டி வர்ற வரைக்கும் இந்தக் கடிதத்துலயே முதல் சேதிய போட்டுடுறேன். எங்க பதினோரு பேர்ல ஒருத்திக்கு இன்னும் வேலை அமையல. வயசு 38, லக்கெரேல இருக்கா, ஒம்போது வருஷம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பேக்கிங், அளவு சரியான்னு பாக்குற கோ நோ-கோ கேஜ் போடத் தெரியும், வெர்னியர்ல அளவு எடுக்கத் தெரியும், டிராயிங் படிக்கத் தெரியும், தமிழும் கன்னடமும் பேசுவா, கொஞ்சம் இந்தி. ரெண்டு சின்னப் பசங்க இருக்காங்க, அதனால ஜெனரல் ஷிஃப்ட்தான் முடியும். பீன்யா, ராஜகோபால நகர், லக்கெரே பக்கம் யாருக்காவது ஆள் வேணும்னா பேப்பர் ஆபீஸுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க, ஆசிரியர் ஐயா தயவு செஞ்சு அத எனக்கு அனுப்பி வைங்க, என் முகவரி கவர்ல இருக்கு. கே.ஆர்.புரம் தம்பிக்கும் அதே முகவரிய குடுத்துடுங்க, அந்த இன்செர்ட் கம்பெனி ஏரியா மேனேஜர்கிட்ட அவரப் பத்தி ஏற்கனவே சொல்லி வெச்சிருக்கேன், ரெஸ்யூம் அனுப்பச் சொன்னான்.

பழைய கம்பெனி எதுன்னு தெரிஞ்சுடக் கூடாதுங்கிறதால மட்டும் என் பேரு போட வேண்டாம்னு கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
ஸ்டோர்ஸ் வேலை பாக்கும் ஒரு வாசகி,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு